முள் மாஸ்டரும் ஓர் உறுமலும்

முள் மாஸ்டர் என்ற பட்டப்பெயரை அவருக்கு யார் சூட்டினார்கள் என்று தெரியவில்லை. முகத்துக்கு நேராக எல்லோருக்கும் அவர் வெறும் மாஸ்டர்தான். முதுகு திரும்பியதும் முள் வந்து ஒட்டிக்கொள்ளும். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. எட்டியும் அவர் முகம் சுளித்ததில்லை. உள்ளூர ஒரு பெருமை இருந்தது என்றுகூடச் சொல்லலாம்.

முள் என்பது அவர் நாய்களுக்குப் போடும் கழுத்துப்பட்டை. இரும்பு வளையங்களைக் கோத்துச் செய்தது. ஒவ்வொரு வளையத்திலிருந்தும் இரண்டு மழுங்கிய முனைகள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும். நாய் சும்மா நின்றால் பட்டையும் சும்மா இருக்கும். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் அத்தனை முனைகளும் ஒரே நேரத்தில் கழுத்தைக் கவ்வும். நாயைக் கொண்டுவருகிறவர்கள் அதைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்குவார்கள். மாஸ்டர் உடனே அதைத் தன் முன்னங்கையில் சுற்றிக்கொண்டு, கயிற்றை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.

"இழுங்க சார், பயப்படாம இழுங்க."

அவர்கள் பட்டும் படாமலும் இழுப்பார்கள்.

"பாத்தீங்களா, ஒரு சொட்டு ரத்தம் வந்துச்சா? இது வலி இல்ல, சும்மா ஒரு தொல்லை. அவ்வளவுதான்."

தோலில் சிவப்புப் புள்ளிகள் இரண்டு வரிசையாகப் பதிந்திருக்கும். அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வார். ஒருநாள் இந்த வித்தையைப் பின்கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அவர் வீட்டுக்காரி, வந்தவர்கள் போனதும் கேட்டாள்: "எப்பப் பாத்தாலும் கையிலயே போட்டுக் காட்டுறீங்களே, ஒரு நாளைக்குக் கழுத்துல போட்டுக் காட்டுங்களேன்." மாஸ்டர் சிரித்து மழுப்பிவிட்டார்.

அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டால் வேலை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது பொய்யாகிவிடும். டயர் கடைக்குப் பின்னால் சிமெண்ட் தரை போட்ட முற்றம், தகரக் கூரைக்குக் கீழே ஆறு கூண்டுகள், மாடியில் வீடு, இவ்வளவுதான் அவருடைய உலகம். காலை ஐந்து மணிக்கு எழுந்து நாய்களுக்குச் சோறும் எலும்பும் வேகவைப்பார். அவை தின்று முடித்த பிறகுதான் தனக்குக் காப்பி. எந்த நாய் எப்படிக் கழிகிறது என்பது அவருக்கு அத்துப்படி. காதில் புழு வைத்த ஒரு கிழட்டு நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டவர் அவர். வேலைக்கு வைத்திருந்த ஆள் ஒரு நாயை உதைத்தான் என்று அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினார். மின்சாரம் பாய்ச்சும் பட்டையைக் கண்டால் அவருக்கு ஆகவே ஆகாது. "பட்டனை அமுக்குறவனுக்கு நாயோட கழுத்து தெரியாது. கைக்கு ஒரு அளவு இருக்கு" என்பார். அந்த அளவு தன் கையில் இருப்பதாக அவர் உறுதியாக நம்பினார்.

இளவயதில் ஒரு பாதுகாப்புக் கம்பெனியில் காவல் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே கற்றுக்கொண்ட ஒரு விதியை முப்பது வருஷமாக வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். உறுமல் முதல் படி, கடி இரண்டாம் படி. முதல் படியை உடைத்துவிட்டால் நாய் இரண்டாவதுக்கு ஏற முடியாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. நாய் ஒரே தாவலில் மேலே ஏறிவிடும் பிராணி என்பது சொல்லிக்கொடுத்தவருக்கும் தோன்றவில்லை, கற்றுக்கொண்டவருக்கும் தோன்றவில்லை.

முதல் படியை உடைப்பது எப்படி? நாய் உறுமத் தொடங்கும் அந்தக் கணத்தில், வாயால் "மூச்" என்று ஒரு அதட்டல், கையால் ஒரு சுண்டு. இரண்டும் ஒன்றாக வரவேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் பயனில்லை. நாலு நாள் போனால் சுண்ட வேண்டியிருக்காது, அதட்டல் போதும். இன்னும் நாலு நாள் போனால் அதட்டலும் வேண்டியிருக்காது. அவர் கை கனகச்சிதம். நாய் மூச்சை இழுக்கும்போதே அவர் வாய் முந்திக்கொள்ளும். ஊரில் இருந்த அத்தனை முரட்டு நாய்களும் அவரிடம் வந்து வாயில்லாப் பிராணிகளாகத் திரும்பிப் போயின. தொழிலில் அவர் கொடிகட்டிப் பறந்தார்.

மாஸ்டருக்கு ஒரே தங்கை. தையல்காரி. வீட்டின் முன்னறையே கடை: இரண்டு இயந்திரம், ஒரு பெரிய வெட்டு மேசை, அளவு பார்க்க மூலையில் ஒரு திரை. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. மேசைக்கு அடியில் துண்டுத்துணி அடைத்த சாக்கின்மேல் பொத்தான் படுத்திருக்கும். பாதி ஜெர்மன் ஷெப்பர்ட், மீதி தெரு. குட்டியாக இருந்தபோது ஒரு கோட்டுப் பொத்தானை விழுங்கிவிட்டு, மூன்று நாள் வீட்டையே பதறவைத்து, நாலாம் நாள் வெளியே தள்ளியது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

ஐந்து வயது வரைக்கும் பொத்தானால் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் உறுமத் தொடங்கியது. துணி கொடுக்க வருகிறவர்கள் மேசையருகே கால் வைத்தால் உறுமும். யாராவது குனிந்தால் உறுமும். பள்ளிச் சீருடை தைக்கக் கொடுத்த ஒரு அம்மா, துணியைப் போட்டது போட்டபடி ஓடிவிட்டாள். அவள் ஓடியதோடு நிற்கவில்லை. போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டும் போனாள். கடைக்கு ஆள் வரத்து குறைந்தது.

தங்கை முதலில் கூப்பிட்டது அண்ணனை அல்ல. ஊரின் மறுகோடியில், இடுப்புப் பையில் வேகவைத்த கோழித்துண்டுகளோடு நாய் பழக்கும் ஒரு பெண்மணி இருந்தார். அடியும் கிடையாது, முள்ளும் கிடையாது; நாய் சொன்னதைச் செய்தால் ஒரு துண்டு. மாஸ்டர் அவருக்கு வைத்த பெயர் பிஸ்கட் டீச்சர். பிஸ்கட் டீச்சர் வந்து அரை மணி நேரம் ஒரு மூலையில் உட்கார்ந்து பொத்தானையே பார்த்தார். கடைசியில், "இதுக்கு எங்கயோ வலிக்குதுன்னு தோணுதும்மா. முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் ஒரு ஆறு மாசம் பொறுமையா பழக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை அதை அண்ணனிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆறு மாசமா? அதுக்குள்ள நாய் பி.ஏ. பட்டமே வாங்கிடும். வலிக்கிற நாய் மூணு வேளையும் தட்டை நக்கித் தின்னுமா பாப்பா? திமிரு. வேற ஒண்ணுமில்ல. ரெண்டு வாரம் என்கிட்ட விடு."

அவள் விட்டாள்.

முதல் நாளே மாஸ்டர் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். உட்காரச் சொல்லி இடது பின்பக்கத்தில் கை வைத்தால்தான் பொத்தான் உறுமியது. மற்ற இடங்களில் தொட்டால் பேசாமல் இருந்தது. வேறு ஆளாக இருந்தால் அந்த இடத்தில் என்ன என்று கேட்டிருப்பான். மாஸ்டர் கெட்டிக்காரர் ஆயிற்றே, திமிர் எங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிட்டதாக நினைத்தார். அதே இடத்தைத் தொடுவார், நாய் உறுமும். "மூச்", ஒரு சுண்டு. மறுபடி தொடுவார். மறுபடி "மூச்". நாளுக்கு நூறு தடவை. பதினோராம் நாள் அந்த இடுப்பில் அவர் பளாரென்று தட்டினாலும், பொத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றது. தங்கையை வரவழைத்து அவள் கண்முன்னாலும் தட்டிக் காட்டினார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஒரு வருஷம் ஓடியது. கடைக்கு வாடிக்கைக்காரர்கள் திரும்பினார்கள். ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை மொத்தமும் அவளுக்கே வந்தது. பொத்தான் மேசைக்கு அடியில் கிடந்தது. கால்கள் அதைத் தாண்டின, இடித்தன, சில நேரம் மிதிக்கவும் செய்தன. அது வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு சாதுவான நாய் என்று வந்தவர்கள் எல்லாம் வியந்தார்கள். மாஸ்டருக்கு அந்த ஒரு நாயாலேயே ஒன்பது நாய் கிடைத்தது.

பிறகு ஒரு மத்தியானம், வெட்டு மேசையிலிருந்து உருண்ட சுண்ணக்கட்டியை எடுக்கத் தங்கை குனிந்தாள். இருட்டில் கை ஊன்றியது பொத்தானின் இடுப்பில். ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு முதலில் தெரிந்தது பற்கள் எலும்பில் இறங்கியதுதான். ஒரே கடி. உடனே விட்டுவிட்டது. விட்டுவிட்டு மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டது. வலது கைக் கட்டைவிரலின் அடியில் நரம்பு அறுந்து, கத்தரிக்கோல் பிடிக்கிற விரல் துவண்டு தொங்கியது.

ஆஸ்பத்திரிக்கு மாஸ்டர் போய்ச் சேர்ந்தபோது தையல் போட்டு முடித்திருந்தார்கள். விரல் பழையபடி மடங்குமா என்பதை மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தங்கை புருஷன், வேன் ஓட்டும் மாப்பிள்ளை, வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து, வராந்தாவில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"மச்சான், அந்த நாயை இன்னைக்கே முடிச்சிடணும். நீங்க முடிக்கிறீங்களா, நான் முடிக்கவா?"

"பத்து நாள் கட்டிவெச்சுப் பாக்கணும் மாப்ளே. வெறி இருக்கா இல்லையான்னு தெரியணும். டாக்டரே சொல்லியிருக்கார்."

உள்ளே தங்கை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. ஏதோ கணக்கு உதைப்பது போன்ற ஒரு குழப்பம்.

"அண்ணா, அது ஏன் உறுமல?"

மாஸ்டர் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு உறுமல் உறுமியிருந்தா கையை எடுத்திருப்பேனே. ஆறு வருஷத்துக்கு மேல என் காலடியில கெடந்துச்சு. என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே."

"வயசாகுதில்ல பாப்பா. சில நாய்ங்க சுபாவம் மாறிடும்" என்றார். அது பொய். வாயிலிருந்து வரும்போதே பொய் என்று அவருக்குத் தெரிந்தது.

"பத்து நாள் உன்கிட்டயே இருக்கட்டும். உனக்குத் தெரியாத நாய் இல்ல. திருப்பிக் கூட்டிட்டு வரலாம்னா கூட்டிட்டு வா, இவரை நான் சமாளிச்சுக்கறேன். வேண்டாம்னா வேண்டாம். நீ என்ன சொல்றியோ அதான். ஆனா மெய்யைச் சொல்லு."

மறுநாள் பொத்தானை நாய் டாக்டரிடம் கொண்டுபோனார். வாய்க்கு வலைமூடி மாட்டி, எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது இடுப்பு மூட்டில் எலும்பு வழவழவென்று உருண்டையாக இருந்தது. இடதுபக்கம் பூச்சி அரித்த கட்டை மாதிரி இருந்தது.

"எத்தனை நாளா இருக்கும் டாக்டர்?"

"ரெண்டு வருஷத்துக்குக் குறையாது. இதைத் தொட்டா எந்த நாயும் கத்தும், இல்ல உறுமும். நான் இப்ப அழுத்தினேன்; சத்தமே போடாம தலையைத் திருப்பிக் கடிக்க வந்துச்சு." டாக்டர் மாஸ்டரைப் பார்த்தார். ஊரில் அவரைத் தெரியாதவர் யார்? "நீங்க பழக்கின நாயா மாஸ்டர்?"

மாஸ்டர் தலையாட்டினார்.

"வலிக்கு மாத்திரை தரேன், வலி அடங்கும். ஆனா முழுசாப் போகாது. சொல்லாம கடிக்கிற நாயை எந்த வீட்டுக்கு அனுப்புறது சொல்லுங்க? ஒரு தடவை உறுமட்டும். அப்புறம் பேசலாம்."

வேறு வீட்டுக்கு வேண்டாம், தானே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாடியில் அவருடைய மகளும், தவழ்ந்து திரியும் பேத்தியும் இருந்தார்கள். "கூண்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தாழ்ப்பாள் போட மறந்தா?" என்று வீட்டுக்காரி கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை.

இப்படியாக, நூற்றுக்கணக்கான நாய்களின் உறுமலை அடக்கிய மனிதர், ஒரு நாயின் ஒரே ஓர் உறுமலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டியதாயிற்று. கையில் எட்டு நாள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் பிஸ்கட் டீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டினார். அந்த அம்மா அவரை வாசலிலேயே நிற்கவைத்து மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு நீங்க வெச்ச பேரு எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்மா. அதுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் மன்னிப்புக் கேக்கறேன். இப்ப உறுமலை எப்படித் திருப்பிக் கொண்டுவர்றதுன்னு மட்டும் சொல்லுங்க."

அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லாவற்றையும் கேட்டார். நான் அப்போதே சொன்னேனே என்று அவர் சொல்லவில்லை; சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது.

"உறுமறதுக்கு முன்னாடியே நாய் பல தடவை சொல்லும் மாஸ்டர். தலையைத் திருப்பிக்கும். மூக்கை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். கண்ணோரம் வெள்ளை தெரியும். உடம்பு விறைக்கும். யாரும் கேக்கலைன்னாதான் உறுமும். அதையும் கேக்கலைன்னாதான் கடிக்கும். நீங்க அதோட தொண்டையைத்தான் அடைச்சீங்க. மத்ததெல்லாம் இன்னும் இருக்கும். பாருங்க. அது தலையைத் திருப்பினா நீங்க ரெண்டடி பின்னால போங்க. ஒவ்வொரு தடவையும் போங்க. நாம சொன்னா இந்த ஆளு கேக்கறான்னு அதுக்கு நம்பிக்கை வரணும்."

"எட்டு நாள்ல வருமா?"

"எட்டு மாசத்துல வந்தாலே பெரிசு. வராமலும் போகலாம்." இடுப்புப் பையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். "என் வழியில எல்லாம் நல்லபடியா முடியும்னு நினைக்காதீங்க. ஒரு வருஷம் கோழி ஊட்டிப் பழக்கின நாய் ஒண்ணு தபால்காரரைக் கடிச்சிடுச்சு. ஆனா ஒண்ணு. கடிக்கறதுக்கு முன்னாடி அது சொல்லிச்சு. அவர்தான் விளையாடுதுன்னு நினைச்சிட்டார்."

பொத்தானை அவரே எடுத்துக்கொள்ள முடியுமா என்று மாஸ்டர் கேட்டுப் பார்த்தார். தன்னிடம் ஏற்கெனவே ஏழு நாய்கள் இருப்பதாக அந்த அம்மா சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து கேட்ட சத்தத்தைப் பார்த்தால் அது பொய்யில்லை.

மாஸ்டர் அன்றே பொத்தானின் கழுத்திலிருந்த எல்லாவற்றையும் கழற்றி, வாசலுக்கு நேரான பெரிய கூண்டில் விட்டார். சிமெண்ட் தரையில் எட்ட உட்கார்ந்துகொண்டார். பார்த்தார். முப்பது வருஷம் நாய்களோடு குப்பை கொட்டியவர், இப்போதுதான் பார்க்கத் தொடங்கினார். அவர் ஒரு அடி எடுத்து வைத்ததும் பொத்தான் மூக்கை நக்கியது. இன்னொரு அடி, தலையைத் திருப்பியது. அவர் பின்வாங்கினார். அதன் விலா கொஞ்சம் தளர்ந்தது. இதெல்லாம் முன்பும் நடந்திருக்கும், நூற்றுக்கணக்கான நாய்கள் அவரிடம் இதைச் சொல்லியிருக்கும், அவர் பார்த்ததெல்லாம் கழுத்தை மட்டும்தான்.

பக்கத்துக் கூண்டில் புதிதாக வந்த கறுப்பு நாய் ஒன்று இருந்தது. பொத்தான் கடித்ததற்கு முந்தின நாள் கொண்டுவந்து விட்டுப்போனது. அதைப் பழக்க இன்னும் ஆரம்பிக்கவில்லை. அது மாஸ்டரைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றிலிருந்து உறுமியது. அவர் அதைப் பொறாமையோடு கேட்டுக்கொண்டிருப்பார். ஐந்தாம் நாள் வேறு வழி தெரியாமல், பொத்தானின் கூண்டுக்கு முன்னால் நாலு காலில் ஊன்றித் தானே உறுமிக் காட்டினார். டயர் கடைக்காரர்கள் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "மாஸ்டருக்குத்தான் முதல்ல ஊசி போடணும் போல" என்று சிரித்தார்கள். பொத்தான் சிரிக்கவுமில்லை, உறுமவுமில்லை. கொட்டாவி விட்டது.

ஆறாம் நாள் மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. பொத்தான் எழுந்து நடந்தது. ஏழாம் நாள் அவர் கையிலிருந்து ஒரு கோழித்துண்டை வாங்கித் தின்றது. வாலின் நுனி ஆடியது. மாடிக்குப் போய் வீட்டுக்காரியிடம், "வந்துடும் போல இருக்கு" என்றார். அவள் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

எட்டாம் நாள் காலை. கூண்டைக் கழுவ வேண்டும். மாஸ்டர் உள்ளே போய்த் தண்ணீர்ப் பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டினார். பாத்திரம் பொத்தானுக்கு அந்தப் பக்கம். கை அதன் இடுப்புக்கு மேலாக ஒரு சாண் உயரத்தில் போனது. தலை திரும்பியது, அவர் மனம் பாத்திரத்தில் இருந்தது, பார்க்கவில்லை.

பொத்தான் உறுமியது.

பெரிய உறுமல் இல்லை. மூடிய பானைக்குள் சோறு கொதிக்கத் தொடங்கும் சத்தம்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக அந்தத் தொண்டையிலிருந்து வராத சத்தம். இத்தனை நாளாக அவர் கேட்க ஏங்கிய சத்தம்.

"மூச்" என்றார் மாஸ்டர்.

அவர் சொல்ல நினைக்கவில்லை. நினைப்பதற்கு முன்னாலேயே அது வந்துவிட்டது. வலது கை காற்றில் ஒரு சுண்டு சுண்டியது. கையில் கயிறு இல்லை, நாயின் கழுத்தில் பட்டை இல்லை. ஆனால் வாயும் கையும் ஒரே நொடியில், துளி பிசகாமல், முப்பது வருஷப் பழக்கப்படி தங்கள் வேலையைச் செய்து முடித்துவிட்டன.

பொத்தான் அப்படியே தரையோடு தரையாகப் படுத்தது. தாடையைச் சிமெண்டில் பதித்துக்கொண்டது. அதன் அடியிலிருந்து மூத்திரம் மெல்ல ஓடி வந்து அவர் பாதத்தைத் தொட்டது.

"ஐயோ, இல்லடா. இல்லடா பொத்தான். உறுமு. தப்பு என்னோடது, நீ உறுமுடா." ஈரத்திலேயே மண்டியிட்டுக் கெஞ்சினார். பிறகு பின்னால் நகர்ந்தார், இரண்டடி, நாலடி, கூண்டை விட்டே வெளியே போனார். பொத்தான் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று சாப்பிடவில்லை. ஒன்பதாம் நாள் சாப்பிட்டது. ஆனால் அவர் கையிலிருந்து வாங்கவில்லை. சத்தம் என்று ஒன்று அதற்குப் பிறகு வரவே இல்லை.

பத்தாம் நாள் காலையில் டாக்டரிடம் போகும் வழியெல்லாம் மாஸ்டருக்குள் ஒரே சண்டை. உறுமியது என்று சொல்லிவிடலாம். அது பொய்கூட இல்லை. டாக்டர் நம்புவார், தங்கை அதற்கு மேலும் நம்புவாள். சாயங்காலமே பொத்தான் தன் சாக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்புறம்? துணி கொடுக்க வருகிற அம்மாக்களோடு சின்னப் பிள்ளைகள் வரும். பிள்ளைகள் மேசைக்கு அடியில்தான் முதலில் புகும். அவர் அந்த மேசையை நினைத்துப் பார்த்தார், அந்த உயரத்தில் ஒரு குழந்தையின் முகம் எங்கே இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார்.

"வெறி இல்ல, அது நிச்சயம்" என்றார் டாக்டர். "உறுமுச்சா?"

"ஒரு தடவை. நான் அடக்கிட்டேன். அப்புறம் வரல."

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். கடைசி ஊசிக்கான மருந்தை எடுக்க அலமாரியைத் திறந்தார். மாஸ்டர் பொத்தானின் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். முன்னங்காலில் மயிரை மழிக்கும்போது அது மூக்கை நக்கியது. ஊசியைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டது. கண்ணோரம் வெள்ளை தெரிந்தது. உடம்பு விறைத்தது. வேண்டாம், வேண்டாம், வேண்டாம் என்று அது சொன்ன ஒவ்வொன்றையும் மாஸ்டர் இப்போது எழுத்துக்கூட்டாமல் படித்தார். படித்தும் பின்வாங்க முடியவில்லை. அவர்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும் ஒரு சத்தமும் வரவில்லை.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். கடை பூட்டிக் கிடந்தது. முன்னறையில் சீருடைத் துணிகள் வெட்டியும் வெட்டாமலும் அடுக்கடுக்காகக் கிடந்தன. அவள் மேசையருகே உட்கார்ந்து, இடது கையால் கத்தரிக்கோலைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தாள். துணி வெட்டுப்படாமல் மடங்கி மடங்கிப் போனது. அவர் வெறுங்கையோடு வந்திருப்பதைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்தச் சாக்கை எடுத்துட்டுப் போயிடு அண்ணா. என்னால பாத்துட்டு இருக்க முடியல" என்றாள்.

மாஸ்டர் மேசைக்கு அடியில் புகுந்து சாக்கை இழுத்தார். வெளிச்சத்துக்கு வந்தபோதுதான் பார்த்தார்: நடுவில் ஆழமாக ஒரே பள்ளம். பொத்தான் இத்தனை நாளும் வலதுபக்கமாகவே படுத்து, இடது இடுப்பு எதிலும் படாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்த மேசைக்கு அடியில் அதற்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

"ஒரு தடவையாவது உறுமுச்சா?"

அவர் சாக்கைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். இடுப்பைத் தொட்டுத் தொட்டு அடக்கியதை, டாக்டர் காட்டிய படத்தை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்யை. கடைசியில் எட்டாம் நாள் காலையையும் சொன்னார். "உறுமுச்சு பாப்பா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. கேட்ட அதே நொடியில என் வாயி அதை அடக்கிடுச்சு. உன் கையைக் கடிச்சது அது இல்ல."

தங்கை அழவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ சாகற வரைக்கும் நீ சொன்னதைத்தான் கேட்டிருக்கு" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாஸ்டர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே முற்றத்துக்கு வந்து சேர்ந்தார். வெயில் தகரக் கூரையில் ஏறியிருந்தது. பெரிய கூண்டு கழுவிக் காய்ந்து கிடந்தது. அவர் காலடியைக் கேட்டதும் கறுப்பு நாய் எழுந்து நின்று, பல்லைக் காட்டி, வயிற்றிலிருந்து உறுமத் தொடங்கியது. அவர் தொண்டையில் அந்தச் சொல் எழும்பி நாக்கு வரை வந்துவிட்டது. மாஸ்டர் சாக்கைக் கீழே போட்டார். இரண்டு கைகளாலும் தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அது உறுமி முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றார்.